வாக்ஸ் போட்டால் மூச்சு மட்டும் கேட்கிறது, ஸ்க்வெல்ச் ஏற்றினால் ஆளே கேட்பதில்லை: நீருக்கடிப் பேச்சுக் கருவி குறித்த விவாதம்

பண்ணவாடித் துறை | ஞாயிறு, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சேலத்தில் ஆறு பேராகச் சேர்ந்து, நீரில் மூழ்கியவர்களைத் தேடவும் ஏரி, அணைகளில் விழுந்த பொருள்களை எடுத்துத் தரவும் ஒரு சிறு தன்னார்வக் குழுவை நடத்தி வருகிறோம். முழுமுக மாஸ்க்கில் பொருத்திப் பேசும் கம்பியில்லாக் கருவிகள் இரண்டையும், படகில் வைத்துக் கேட்கும் பெட்டி ஒன்றையும் அண்மையில் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். கையேடு எதுவும் உடன் வரவில்லை.

இன்று அனுமதி பெற்று, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடிப் பக்கம் 12 மீட்டர் ஆழத்தில் சோதித்தோம். கருவியை வாக்ஸ் நிலையில், அதாவது குரல் கேட்டதும் தானே அனுப்பத் தொடங்கும் நிலையில் வைத்தோம். டைவர் மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அது அனுப்பத் தொடங்கிவிட்டது. படகில் இருந்த எனக்கு ‘ஹுஸ்ஸ்... ஹுஸ்ஸ்’ என்ற இரைச்சல் ஓயாமல் கேட்டது. இரண்டாவது டைவருக்குப் பேச இடமே கிடைக்கவில்லை. நான் கூப்பிட்டதும் முதலாமவர் காதில் விழவில்லை. இரைச்சல் தாங்காமல் பெட்டியில் இருந்த ஸ்க்வெல்ச் குமிழை, அதாவது மெலிந்த ஒலிகளைக் காதுக்கு விடாமல் அடைக்கும் குமிழை, முக்கால் வட்டம் திருப்பினேன். காதுக்கு நிம்மதி கிடைத்தது. ஆனால் 40 மீட்டர் தள்ளிப் போயிருந்த டைவர், தன் கயிறு ஏதோ ஒரு மரக்கட்டையில் சிக்கிக்கொண்டது என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். அவர் மேலே வந்து சொன்ன பிறகுதான் அது எனக்குத் தெரியும். வாக்ஸ், ஸ்க்வெல்ச் இரண்டையும் எந்த அளவில் வைக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஐந்து ரோடு அலைவரிசை | ஞாயிறு, இரவு 9.45

நான் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) பக்கம் இருப்பவன், தண்ணீருக்குள் இறங்கியதில்லை. ஸ்க்வெல்ச் எந்தக் கருவியிலும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். யாரும் பேசாதபோது குமிழை மெல்லத் திருப்பி, இரைச்சல் எந்த இடத்தில் அடங்குகிறதோ அதற்கு ஒரு மயிரிழை மேலே நிறுத்த வேண்டும். நீங்கள் முக்கால் வட்டம் திருப்பியதுதான் பிழை. அடங்கும் இடத்தோடு நின்றிருந்தால் உங்கள் டைவரின் குரல் கேட்டிருக்கும்.

கொளத்தூர்க் கயிறு | திங்கள், காலை 6.20

தம்பி பண்ணவாடித் துறை, நல்ல வேளையாக ஆள் பத்திரமாக மேலே வந்துவிட்டார். கயிறு பிடிப்பதிலும் பெட்டி கேட்பதிலும் பல ஆண்டுகள் கழித்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் இரண்டு நோய்க்கு ஒரே மருந்தைக் கொடுத்திருக்கிறீர்கள். வாக்ஸ் என்பது அனுப்புகிறவர் பக்கத்துக் கதவு. எவ்வளவு சத்தம் வந்தால் அனுப்பலாம் என்று டைவரின் கருவி முடிவு செய்வது அது. ஸ்க்வெல்ச் என்பது கேட்கிறவர் பக்கத்துக் கதவு; எவ்வளவு வலுவாக வந்தால் காதுக்கு விடலாம் என்று படகில் உள்ள பெட்டி முடிவு செய்வது அது. டைவரின் மூச்சு வாக்ஸைத் திறந்துவிட்டால், அது அருகிலிருந்து வலுவாக வரும் ஒலியாகிவிடுகிறது. ஸ்க்வெல்ச்சால் அதைத் தடுக்க முடியாது. தடுக்க முயன்று குமிழை ஏற்றினால், தொலைவிலிருந்து மெலிந்து வரும் மற்றவர் குரல்தான் முதலில் அடிபடும். உங்களுக்கு நடந்தது அதுவேதான்.

ஹாம் நண்பர் சொன்ன முறை எஃப்எம் வாக்கிடாக்கிக்குப் பொருந்தும். இங்கே பொருந்தாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ரேடியோ அலை நீரில் விரைவில் செத்துவிடுவதால், இக்கருவிகள் குரலைக் காதுக்குக் கேட்காத உயர் ஒலியாக மாற்றி அனுப்புகின்றன. பரவலாகப் பயன்படும் சேனல் 32.768 கிலோஹெர்ட்ஸ், அனுப்பும் முறை சிங்கிள் சைடுபேண்ட். அந்த முறையில் கேரியர், அதாவது பேச்சைச் சுமந்து செல்லும் தொடர் அலை, கிடையாது. எஃப்எம் பெட்டி கேரியர் வந்துவிட்டதா என்று பார்த்துக் கதவைத் திறக்கிறது. பேசுகிறவர் இடையில் மூச்சு வாங்கினாலும் கேரியர் நிற்காததால் கதவும் மூடாது. நம் பெட்டிக்கு அந்தப் பிடிமானம் இல்லாததால், வரும் ஒலியின் வலுவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அது மூடித் திறந்து, வாக்கியத்தைக் கொத்திப் போட்டுவிடும்.

என் வழக்கம் இதற்கு நேர்மாறானது. இரைச்சலைக் கேட்டு ஸ்க்வெல்ச்சை வைப்பதில்லை. கேட்க வேண்டிய மிக மெலிந்த குரலைக் கேட்டு வைக்கிறேன். முதலில் குமிழை முழுவதும் திறந்துவிடுவேன். டைவர் அன்றைய வேலையில் போகக்கூடிய கடைசி இடம்வரை போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஒன்று முதல் இருபதுவரை எண்ணுவார். அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே குமிழை ஏற்றி, எந்த இடத்தில் ஓர் எண் விழுங்கப்படுகிறதோ அங்கிருந்து நன்றாகப் பின்னே இறக்கி நிறுத்துவேன். அந்த நிலையில் இரைச்சல் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். பின்னே இறக்கவே இடமில்லாமல் போனால் குமிழ் திறந்தபடியே இருக்கட்டும்.

வாக்ஸைக் கரையில் வைத்துச் சரிசெய்யாதீர்கள். ஆழம் போகப் போக மூச்சுக்காற்றின் அடர்த்தி கூடுகிறது. 20 மீட்டரில் அது மேற்பரப்பில் உள்ளதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அடர்த்தியான காற்று, டைவருக்கு மூச்சுக்காற்றைத் தரும் ரெகுலேட்டர் வழியே பாயும்போது சத்தமும் கூடுவதால், படிக்கட்டில் அமர்ந்து வைத்த அளவு அடியில் செல்லாது. வேலை செய்யும் ஆழத்தில் டைவர் ஒரு நிமிடம் அமைதியாக மூச்சு விட, பத்து மூச்சிலும் கருவி திறக்காத அளவுக்கு உணர்திறனைக் குறையுங்கள். பிறகு அவர் இரண்டு நிமிடம் துடுப்பை வேகமாக அடித்து, மேல்மூச்சு வாங்கும் நிலையிலும் பார்க்க வேண்டும். அந்த நிலையிலும் மூச்சுக்குத் திறக்காமல், சாதாரணக் குரலுக்குத் திறக்கும் ஓர் இடம் கிடைத்தால் வாக்ஸ் உங்களுக்கு உதவும். கிடைக்காவிட்டால் பிடிடி பொத்தானை அழுத்திப் பேசும் நிலைக்கு மாற்றிவிடுங்கள். என் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட நாள்களில் அந்த இடம் கிடைப்பதில்லை. இரண்டு கையும் வேலையில் மாட்டிக்கொள்ளும் ஆளுக்கு மட்டும் வாக்ஸ் கொடுப்பேன்.

சில கருவிகளில் இந்த உணர்திறனைப் பயன்படுத்துபவர் மாற்ற வழியே இருக்காது. அப்படியானால் மைக் இருக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள். மைக் உதட்டருகே, காற்று உள்ளே வரும் துளைக்கு நேர் எதிரில் இல்லாமல் சற்று ஒதுங்கி இருக்க வேண்டும்.

ஐந்து ரோடு அலைவரிசை | திங்கள், காலை 8.05

கொளத்தூர் ஐயா, சிங்கிள் சைடுபேண்ட் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் உறைத்தது. 7 மெகாஹெர்ட்ஸில் அதே முறையில் வரும் தொலைதூர நிலையங்களைக் கேட்கும்போது நாங்களும் ஸ்க்வெல்ச்சைத் தொடுவதில்லை. என் முதல் பதிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இருப்பினும் ஒரு மறுப்பு உண்டு. இரைச்சலைத் தொடர்ந்து கேட்பவரின் காது அரை மணி நேரத்தில் மரத்துப்போய்விடும். அதன் பிறகு மெலிந்த குரல் வந்தாலும் மூளை அதை இரைச்சலோடு சேர்த்துத் தள்ளிவிடும். இரவெல்லாம் பெட்டி முன் அமர்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். திறந்த ஸ்க்வெல்ச் கேட்பவரை மெல்ல மெல்லச் செவிடாக்குகிறது என்றால், மூடிய ஸ்க்வெல்ச்சைவிட அது பாதுகாப்பானது என்று எப்படிச் சொல்ல முடியும்?

கொளத்தூர்க் கயிறு | திங்கள், காலை 8.50

கேள்வி நியாயமானது. ஆனால் களைத்த காதுக்கு மாற்று ஆளைப் போடலாம். மூடிய கதவுக்கு அப்படி ஒரு மாற்று இல்லை, அது மூடியிருப்பதே உங்களுக்குத் தெரியாது. நாங்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஹெட்செட்டைக் கைமாற்றுகிறோம். இடையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாங்களாகவே கூப்பிட்டுப் பதில் வாங்குகிறோம். பதில் வராவிட்டால் கயிற்றை இழுத்துக் கேட்போம். அதற்கும் பதில் வராவிட்டால் மாற்று டைவர் இறங்குவார்.

வேறொன்றும் உண்டு. கம்பி வழிப் பேச்சுக் கருவியில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். டைவரின் மூச்சொலி எப்போதும் காதில் விழுந்துகொண்டிருப்பதையே அவர்கள் விரும்புவார்கள். மூச்சு விரைவதும், தடுமாறுவதும், ஓர் இழுப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீள்வதும் அவர் வாய் திறப்பதற்கு முன்பே சேதி சொல்லிவிடும். கம்பியில்லாக் கருவியில் ஒரே சேனலை அனைவரும் பங்கிட வேண்டியிருப்பதால்தான் மூச்சு தொல்லையாகிறது.

மூக்கனேரி | திங்கள், பிற்பகல் 2.30

நானும் ஒரு குழுவில் மேலிருந்து கேட்பவள். இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். அது நம் மொழி.

வாக்ஸ் கருவி குரலைக் கேட்ட பிறகே விழித்துக்கொள்வதால், முதல் அசை எப்போதும் அடிபடும். ‘நிறுத்து’ என்றால் ‘றுத்து’ என்று வரும். அதோடு, பேச்சு நின்ற பின் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்ற அளவு குறைவாக இருந்தால் கடைசி அசையும் போய்விடும். ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் பெரும்பாலும் வாக்கியத்தின் முன்பகுதியில் வந்துவிடுகிறது. தமிழில் அது வாலில் இருக்கிறது. ‘கயிற்றை இழுக்க வேண்டாம்’ என்பதில் வால் அறுந்தால் ‘கயிற்றை இழுக்க’ என்று நிற்கும். கேட்பவர் இழுத்துவிடுவார். எங்கள் பயிற்சியில் ஒருமுறை இப்படி நடந்து, கல்லிடுக்கில் கை வைத்திருந்தவருக்கு விரலில் தோல் உரிந்தது. அதன் பிறகு மறுப்பாக எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். ‘இழுக்க வேண்டாம்’ என்பதற்குப் பதிலாக ‘சும்மா இரு, சும்மா இரு’ என்று இருமுறை சொல்கிறோம்.

‘மேலே’, ‘கீழே’ என்ற இரண்டையும் மாஸ்க்குக்குள் சொல்லிப் பாருங்கள். மெய்யெழுத்துகள் மழுங்கி, நெடிலும் ‘ஏ’காரமும் மட்டும் மிஞ்சும், எது எது என்று பிரித்தறிவது கடினம். ‘இறக்கு’, ‘இறுக்கு’ என்ற இரட்டையர் இன்னும் மோசம். கயிறு பிடிப்பவருக்கு இரண்டும் நேரெதிர் வேலைகள். நாங்கள் ‘தூக்கு’, ‘விடு’ என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு பேச்சையும் கூப்பிடப்படுபவரின் பெயரில் தொடங்குவதால், பலியாகும் முதல் அசை பெயரோடு போய்விடுகிறது. குமிழைத் திருப்புவதற்கு முன் சொற்களைத் திருத்துங்கள் என்பது என் கருத்து.

கொளத்தூர்க் கயிறு | திங்கள், மாலை 5.15

மூக்கனேரி அம்மா சொன்னதை அச்சிட்டுப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைக்கலாம். பேச்சு நின்ற பின் கதவு திறந்திருக்கும் நேரத்தை ஒரு நொடிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மிகவும் நீட்டினால் அடுத்த மூச்சொலியும் உள்ளே நுழைந்து, கதவு மூடாமலேயே போய்விடும்.

பண்ணவாடித் துறை | திங்கள், இரவு 10.00

அனைவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள். முதலாவது, மேலிருந்து பேசுவதைக் கேட்க டைவர் மூச்சை அடக்கிக்கொள்ளலாமா? குமிழிச் சத்தத்தில் பாதி கேட்பதில்லை என்கிறார்கள். இரண்டாவது, 40 மீட்டரிலேயே குரல் மெலிந்து போனது ஏன்? இக்கருவிகள் சில நூறு மீட்டர் எட்டும் என்று விற்றவர் சொன்னார்.

கொளத்தூர்க் கயிறு | செவ்வாய், காலை 6.00

மூச்சை அடக்குவதைப் பழக்கமாக்கிவிடாதீர்கள். ஒரே ஆழத்தில் அசையாமல் இருக்கும்போது, மெல்ல வெளியே விட்டுவிட்டு அடுத்த இழுப்பைச் சற்றுத் தாமதிப்பது மட்டும் சரி. மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு நொடிகூடக் கூடாது. அழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் அடைபட்ட காற்று விரிந்து திசுவைக் கிழித்துவிடும். கூப்பிட்டால் முதலில் நின்றுவிடு, பிறகு கேள் என்று டைவருக்கும், பெயரைச் சொல்லிவிட்டு இரண்டு மூச்சு நேரம் காத்திருந்து பேசு என்று மேலிருப்பவருக்கும் சொல்லி வையுங்கள்.

தொலைவைப் பற்றிய கேள்விக்குச் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். நன்னீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் போகிறது. 32.768 கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் நாலரை சென்டிமீட்டர், அதாவது இரண்டு விரல் அகலத்துக்குச் சற்றுக் கூடுதல். அதைவிடப் பெரிய எதுவும் அதற்கு நிழல் போடும். டைவரின் உடல், சிலிண்டர், காற்றுக் குமிழிகள் நிறைந்த நியோபிரீன் உடை எல்லாமே நிழல்தான். மேட்டூரில் நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிறைந்திருக்கும்போது அவை போனவை போல நமக்குத் தோன்றும். ஒலிக்கு அவை அங்கேயேதான் நிற்கின்றன. அப்படி ஒரு சுவருக்குப் பின்னால் டைவர் போனால் எந்தக் குமிழும் உதவாது. படகை நகர்த்தி நேர்ப்பார்வை கிடைக்கும் இடத்துக்கு வர வேண்டும்.

கடலைவிட அணையில் தொலைவு கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். அது பாதி உண்மை. இந்த அதிர்வெண்ணில் கடல்நீர் ஒலியை விழுங்குவதற்கு முக்கியக் காரணம் அதில் கரைந்திருக்கும் மக்னீசியம் சல்பேட். நன்னீரில் அந்த இழப்பு மிகக் குறைவு. (சுண்ணாம்புக் கரட்டில் வெட்டியெடுக்கும் நம்மூர் மேக்னசைட்டிலும் மக்னீசியம் உண்டு, ஆனால் அது கார்பனேட் வகை, எளிதில் கரைவதில்லை. யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன்.) விழுங்கப்படாத ஒலி எங்கே போகும்? பாறையில் மோதித் திரும்பி வரும். 60 மீட்டர் தள்ளி இருக்கும் பாறைச் சுவரிலிருந்து எதிரொலி வர நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். அதற்குள் பேசுகிறவர் அடுத்த அசைக்கு வந்திருப்பார். முன்னசையின் எதிரொலி பின்னசையின் மேல் விழுகிறது. மெதுவாக, சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசுவதே இதற்கு மருந்து.

இன்னொரு எதிரி கோடைக்காலத்து நீரடுக்கு. மேலே வெதுவெதுப்பாகவும், சில மீட்டர் கீழே திடீரென்று குளிர்ச்சியாகவும் இருக்கும் எல்லையில் ஒலி குளிர்ந்த பக்கமாக வளைந்துவிடுகிறது. உங்கள் பெட்டியின் டிரான்ஸ்டியூசர் (நீருக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் முனை) மேலடுக்கில் தொங்கி, டைவர் கீழடுக்கில் இருந்தால், இருவருக்கும் நடுவே போர்வை விரித்தது போலத்தான். டைவர் இறங்கும்போது எந்த ஆழத்தில் முகத்தில் குளிர் அடித்தது என்று கேட்டு, டிரான்ஸ்டியூசரை அதற்குக் கீழே இறக்குங்கள். படகில் ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் இருந்தால் அணைத்துவிடுங்கள். அதன் ‘டிக் டிக்’ ஸ்க்வெல்ச்சைத் திறந்துகொண்டே இருக்கும். அணைக்கட்டுக்கு அருகில் வேலை என்றால் மதகு நிலையையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜூன் 12 பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள். நீர் பாயத் தொடங்கிவிட்டால் பாதுகாப்பு ஒருபுறம் இருக்க, முந்தைய வாரம் வைத்த குமிழ் அளவும் செல்லாது.

சேர்வராயன் சாரல் | செவ்வாய், காலை 11.20

ஏற்காடு ஏரியில் ஒரு மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தின் நடுவே, தவறி விழுந்த ஒரு பொருளைத் தேடினோம். ஆழம் குறைந்த நீர், அடியில் செடி, மேலே மிதிபடகுகள். படகு ஒன்று கடக்கும்போதெல்லாம் ஸ்க்வெல்ச் திறந்து, துடுப்புச் சக்கரத்தின் சலசலப்பு மட்டும் கேட்டது. செடிகளில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகள் பதினைந்து மீட்டருக்குள்ளேயே குரலைத் தின்றுவிட்டன. இறுதியில் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் கயிற்றோடு வேலையை முடித்தோம். நீரைப் பார்த்ததும் இங்கே கருவி உதவாது என்று சொல்லும் துணிவும் வேண்டும்.

பண்ணவாடித் தம்பிக்கு ஒரு வார்த்தை. மேட்டூரில் டைவிங் முடித்துவிட்டு அன்று மாலையே இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டுக்குக் குளிரை அனுபவிக்க வந்துவிடாதீர்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாக மாறக்கூடும்; எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை டைவிங் அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிணற்று வாளி | செவ்வாய், இரவு 7.40

மீட்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். நம் மாவட்டத்தில் அழைப்புகளில் பெரும்பங்கு திறந்த கிணறுகளுக்குத்தான் வரும். பத்து மீட்டர் அகலக் கல் கிணற்றில் கம்பியில்லாக் கருவியைப் பயன்படுத்திப் பார்த்தேன்; நான்கு பக்கச் சுவரும் சேர்ந்து பேசுவதுபோல் இருந்தது. கிணற்றுக்குக் கம்பி வழிக் கருவியும், முன்பே பேசி வைத்த கயிற்றிழுப்பும் போதும்.

பண்ணவாடித் துறை | அடுத்த ஞாயிறு, இரவு 8.30

இன்று அதே இடத்தில் மீண்டும் சோதித்தோம். டைவரிடம் குளிர் அடித்த ஆழத்தைக் கேட்டபோது ஐந்து மீட்டர் என்றார். எங்கள் டிரான்ஸ்டியூசர் இரண்டு மீட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எட்டு மீட்டருக்கு இறக்கியதும், போன வாரம் கேட்காத 40 மீட்டர் தொலைவிலிருந்து எண்கள் ஒன்றுவிடாமல் வந்தன. ஸ்க்வெல்ச் கால் வட்டத்தில் நிற்கிறது. இரைச்சல் இருக்கிறது, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றினோம்.

வாக்ஸ் விஷயத்தில் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. முதல் மாஸ்க்கின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தபோது, மைக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் கிழிந்து, மைக் தலைகுப்புறக் காற்றுத் துளையின் மேலேயே சாய்ந்து கிடந்தது. பழைய உரிமையாளர் அதை நூலால் கட்டி வைத்திருக்கிறார், நூல் அறுந்திருக்கிறது. இரண்டாவது மாஸ்க்கில் ரப்பர் நன்றாக இருந்தது. அதில் பத்து மூச்சில் ஒன்றுகூடக் கருவியைத் திறக்கவில்லை. துடுப்படித்து மேல்மூச்சு வாங்கியபோது மட்டும் நான்கு முறை திறந்தது. புது ரப்பர் வரும்வரை முதல் மாஸ்க் பிடிடியில் இருக்கும்.

‘சும்மா இரு’ என்று முதல் முறை சொன்னபோது கீழே இருந்தவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பும் வாக்ஸைத் திறந்துகொண்டு மேலே வந்தது.